தண்ணீர் இல்லை என்று சொன்ன பெட்டி

“பழைய சிப்புக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல மேடம். அதை எடுத்துட்டு இதை வெச்சா ஓடும்” என்று யாராவது ஒரு புது சிப்பை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தால், அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரியுங்கள். பிறகு மரியாதையாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பயப்படுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் சாதனைகளை எழுதித் தரும்படிதான் கேட்டீர்கள். அதற்கெல்லாம் ஆண்டு விழா மலரில் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், அங்கே படித்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்குள் அரித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், போர்டுகளுக்கு உள்ளே ஓடும் புரோகிராம்களை எழுதும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிரைவர் எழுதுவதுதான் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் விழிப்பார்கள். சிப் ஒரு பாஷை பேசும், மற்ற மிஷின் ஒரு பாஷை பேசும், நடுவில் நின்று இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொல்கிற புரோகிராம்தான் டிரைவர் என்பேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கும் ஊர் இது. யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

நாங்கள் செய்த சாமான்களிலேயே அதிகம் விற்றது விவசாயிகளுக்கான மொபைல் ஸ்டார்ட்டர். போர்வெல் மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டும் ஒரு பெட்டி அது. வீட்டிலிருந்தே போன் செய்தால் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை செய்தால் நிற்கும். போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சும்மா சுற்றினால் எரிந்துபோகும் என்பதால், அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு சிப் அளந்துகொண்டே இருக்கும். அளவு சட்டென்று இறங்கினால் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு விவசாயியைப் போனில் கூப்பிட்டு, “தண்ணீர் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டது” என்று சொல்லும்.

மலைப்பக்கத்தில் இது நன்றாகப் போனதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மும்முனை மின்சாரம் அங்கெல்லாம் பெரும்பாலும் இரவில்தான் வரும். இரவில் யானையும் வரும். சானமாவுக் காட்டிலிருந்து அஞ்செட்டி வரைக்கும் காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு, இருட்டில் மோட்டார் கொட்டகைக்குப் போய்வருவது என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான். அவர் போகாமல் இருப்பதற்காகத்தான் நம் பெட்டி. இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிப் பஞ்சம் வந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய கார் கம்பெனிகளே ஆடிப்போன நேரத்தில் எங்களை யார் மதிப்பார்கள்? கரண்டை அளக்கும் அந்தச் சிப் சந்தையிலேயே இல்லை. சோல்டரிங் லைனில் இருந்த பெண்களை நாளைக்கு வர வேண்டாம் என்று பாதி நாளில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த முகங்களைத் தினம் கேட்டருகே பார்ப்பது எனக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது. அப்போதுதான் பர்ச்சேஸ் மேனேஜர் முகமெல்லாம் பல்லாக ஒரு மாற்றுச் சிப்போடு வந்தார். அதே கால்கள், அதே அளவு, அதே வேலை, வேறு கம்பெனி.

டிரைவரை மாற்றும் வேலையை இசக்கிமுத்துவிடம் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வேலையில் அப்படி ஒரு சுத்தம். புதுச் சிப் தன்னை வேறு பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும், இரண்டொரு கணக்கு மட்டும் வித்தியாசம். போர்டில் இருப்பது பழையதா புதியதா என்று டிரைவரே கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பேசும்படி அழகாக எழுதினான். சூட்டில் வைத்தோம், குளிரில் வைத்தோம், கரண்டை நிறுத்திப் போட்டோம். எல்லாவற்றிலும் தேறியது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் அவசரப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. தப்பு யாருடையது என்று இப்போது தேடினாலும் ஒரு ஆளைக்கூடப் பிடிக்க முடியாது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

லைன் மறுபடி ஓடியது. பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு கோடை முழுக்கப் புதுச் சிப்போடு பெட்டிகள் போயின, ஒரு புகார்கூட வரவில்லை. பர்ச்சேஸ் மேனேஜர் கேக் வாங்கிவந்து இசக்கி கையால் வெட்ட வைத்தார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

மழை பிடித்த பிறகு குருபரப்பள்ளியிலிருந்து ஒரு போன் வந்தது. வெங்கடேசன் என்று ஒரு விவசாயி. எடுத்த எடுப்பிலேயே சண்டை.

“ஏம்மா, உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?”

“என்னங்க ஆச்சு?”

“எங்க கெணறு ரொம்பி மேல வழியுது. குனிஞ்சு சொம்புல மொண்டுக்கலாம். உங்க மிஷினு எனக்குப் போன் போட்டுத் தண்ணி இல்லைங்குது! நேர்ல வந்து எட்டிப் பாருங்க. வரும்போது மீன் வலை இருந்தா எடுத்துட்டு வாங்க.”

நானும் இசக்கியும் சிரித்துக்கொண்டேதான் வண்டி ஏறினோம். போய்ப் பார்த்தால், லைனில் அவருடைய கொட்டகைதான் கடைசி. மோட்டாரைப் போட்டவுடன் அங்கே தொங்கிய பல்பு செத்துப் பிழைத்தது. அவ்வளவு தாழ்ந்த வோல்ட்டேஜ். அந்த ஒரு கணத்தில் புதுச் சிப் மயங்கி விழுந்து எழுந்துவிடுகிறது. எழுந்ததும் நாம் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதற்கு நினைவில்லை. எவ்வளவு கரண்ட் என்று டிரைவர் கேட்டால் பூஜ்யத்தைத் தருகிறது. பூஜ்யம் என்றால் தண்ணீர் இல்லை என்று பெட்டி முடிவுகட்டிவிடுகிறது. பழைய சிப் அந்தத் தாழ்வைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறது. தாங்குவேன் என்று அது எந்தக் காகிதத்திலும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன் நல்ல குணத்தில் இத்தனை நாள் பிழைப்பு நடத்திவிட்டு, அது நம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சிப்காட்டில் எங்கள் சோதனை மேசைக்கு வரும் கரண்ட் ஒருநாளும் இப்படித் தாழ்ந்ததில்லை. நிறுத்திப் போட்டுப் பார்த்த எங்களுக்கு, தாழ்த்திப் பார்க்கத் தோன்றவில்லை.

இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டான். “மேடம், அது பூச்சியம்னு பதில் சொல்லலை. மயங்கிக் கெடக்கு. மயங்கிக் கெடந்தவன்கிட்ட கேட்டுட்டு அதையும் பதில்னு எழுதிக்கிட்டோம்லா?”

வேறொன்றும் கேட்காமல் திரும்பியிருந்தால் பாடம் அதோடு முடிந்திருக்கும். அளந்து பார்த்து வந்த பூஜ்யமும் அளக்கவே முடியாமல் வந்த பூஜ்யமும் ஒன்றில்லை, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரியாத டிரைவரை வெளியே அனுப்பாதீர்கள் என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் பெட்டியை எங்கே வாங்கினீர்கள் என்று வெங்கடேசனிடம் கேட்டேன். வண்டியில் ஏறும்போது சும்மா கேட்டதுதான்.

“புதுசு இல்லீங்க. அஞ்செட்டிப் பக்கம் மாதப்பன்னு ஒருத்தர்கிட்ட வாங்குனது. அவுரு போரு வத்திப்போச்சாம். இனிமே இது எதுக்குன்னு மோட்டாரோட சேத்துக் குடுத்துட்டாரு.”

நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் வண்டியில் ஏற வைத்த காலைத் திரும்ப இறக்கினான்.

நண்பர்களே, புகார் வரவில்லை என்று கேக் வெட்டினோமே, ஏன் வரவில்லை என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த ஜில்லாவில் போர் வற்றுவது செய்தியே இல்லை. கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் வற்றும், எதிர்த் தோட்டத்தில் வற்றும். அப்போது நம் பெட்டி கூப்பிட்டு, உனக்கும் வற்றிவிட்டது என்றால் எவன் சந்தேகப்படுவான்? நம் முறையும் வந்துவிட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கிணறு நிரம்பி வழிந்தவருக்குத்தான் நம்மைத் திட்டத் தோன்றியது. ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்கள் நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

திருத்தம் சுலபமாக முடிந்தது. சிப் மயங்கி எழுந்ததை டிரைவர் கண்டுபிடித்து, மறுபடி எல்லாம் சொல்லிக்கொடுத்து, மறுபடி அளக்கும். கஷ்டம் அதற்குப் பிறகு எம்.டி. அறையில். அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கிக் கம்பெனி நடத்தியவர், பயந்தவர்.

“அடுத்த சர்வீஸ்ல சத்தமில்லாம மாத்திடலாம்மா. நம்ம மிஷின் பொய் சொல்லுச்சுன்னு நாமளே ஊர் ஊரா கூவினா, அப்பறம் நெசமாவே தண்ணி இல்லாதப்பவும் எவனும் நம்ப மாட்டான். மோட்டார் எரியும். அதுக்கும் நாமதான் பதில் சொல்லணும்.”

அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. இசக்கி மட்டும் விடவில்லை. “சார், நமக்கு இது சாப்ட்வேர். அவங்களுக்குத் தண்ணிலா?” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நானும் அவன் பக்கம்தான் பேசினேன். விற்பனைப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றார்கள், வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார்கள். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். எல்லோருக்கும் சொல்லிவிடுவது என்று கடைசியில் முடிவானபோது எனக்கு ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது. அந்தப் பெட்டிகள் வழியாகவே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னோம். மாதப்பனை மட்டும் கூப்பிட வழியில்லை. அவர் பெட்டிதான் குருபரப்பள்ளியில் இருந்ததே, அவர் நம்பர் வெங்கடேசனிடமும் இல்லை. வெங்கடேசனிடம் ஊர் அடையாளம் கேட்டுக்கொண்டு நானும் இசக்கியும் நேரில் கிளம்பினோம்.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போய், அங்கிருந்தும் உள்ளே போக வேண்டியிருந்தது. மாதப்பன் ஐம்பதை ஒட்டிய, ஒல்லியான மனிதர். வீட்டு முன்னால் கட்டுத்தறி இருந்தது, மாடு இல்லை. எங்கள் கம்பெனி பெயரைச் சொன்னதும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். “புது மிஷின் விக்க வந்தீங்களா? நம்மளுக்கு இனிமே வாணாங்க” என்று சிரித்தார்.

“அதுக்கு வரலைங்க. ஒரு விஷயம் சொல்லணும்” என்று நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி நாகம்மா விரைந்து வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

“இந்தக் கொரலு எனக்குத் தெரியும். ராத்திரியில போன்ல பேசற அம்மா நீங்கதானே?”

நான்தான். வெளியே ஆள் வைத்துப் பதிவு செய்ய வேண்டாம் என்று ஆபீசில் நானே பேசிக் கொடுத்த குரல் அது. நாகம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொந்தக்காரி வந்ததுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எத்தினி தெளிவா சொல்லுவீங்க! நாலஞ்சு நாளு விடாம சொன்னீங்களே. இவுரு மிஷினு கெட்டிருக்கும்னாரு. நாந்தான், அந்தம்மா பொய் சொல்லுவாங்களான்னு கேட்டேன்.”

அதற்குப் பிறகு இசக்கிதான் சொன்னான். கீழே பார்த்துக்கொண்டு, எதையும் பூசி மெழுகாமல் முழுக்கச் சொன்னான். மாதப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் மனைவி பக்கம் திரும்பி, “நீரித்தந்தெ” என்றார். தண்ணீர் இருந்ததாம் என்று கன்னடத்தில் அந்த ஒரே வார்த்தை. நாகம்மா என் கையை விட்டார்.

“மோட்டார் வேற வாங்கி எறக்கிக் குடுத்துடறோம்ணே. எல்லாச் செலவும் எங்களுது” என்று இசக்கி அவசரமாகச் சொன்னான்.

“எதுலங்க எறக்குவீங்க?”

மாதப்பன் எழுந்து நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். தோட்டத்தில் தக்காளி நின்ற இடம் என்று ஒரு காய்ந்த பாத்தியைக் காட்டினார். அதற்கு அப்பால், மண்ணில் சின்னதாக ஒரு சிமெண்ட் மேடை. பூச்சு இன்னும் புதுசாக இருந்தது.

“சும்மா தெறந்து கெடந்தா கொழந்தைங்க உழுந்துடுமின்னு பஞ்சாயத்துல சொன்னாங்க. நெசம்தானே, எத்தினி பாக்கறோம். போன வெள்ளிக்கெழமதாங்க கல்லும் மண்ணும் கொட்டி மூடுனேன். மொதக் கல்லு உள்ள போனப்ப தொபுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அடியில இருக்கற மிச்சம் மீதின்னு நெனச்சேன்.”

போன வெள்ளிக்கிழமை நாங்கள் எம்.டி. அறையில் உட்கார்ந்துகொண்டு, விவசாயிகளுக்குச் சொல்லும் செய்தியில் மன்னிப்பு என்ற வார்த்தை இருக்கலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். வெங்கடேசன் வீட்டிலிருந்தே வண்டியை அஞ்செட்டிக்குத் திருப்பியிருக்கலாம். எனக்கு யார் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது, ஒரு மனிதருக்கு ஒரு செய்தி சொல்ல எதற்கு அனுமதி? அந்தச் சமயத்தில் அது தோன்றவே இல்லை. அலுவலகத்தில் முடிவாகட்டும் என்றுதான் தோன்றியது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நேரம் வந்தால், முதலில் வண்டியைத் திருப்புங்கள். கூட்டம் எங்கேயும் ஓடிப்போகாது.

மேடைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்த மாதப்பன் என்னிடம் கேட்டார். “இத ஏங்க மேடம் வந்து சொன்னீங்க? அல்லாருக்கும் வத்துச்சு, நம்மளுக்கும் வத்துச்சு, பூமி குடுக்கலன்னு இருந்தேன். மாட்ட வித்தப்பக்கூட அழுவல. இப்ப நானே என் கையால மூடுனேன்னு ஆயிப்போச்சே.” அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். செய்தி கேட்டதும் மோட்டாரை நேரடியாகப் போட்டுப் பார்த்து, தண்ணீர் கண்டவர்கள் பலர். அவர்களில் சிலர் அழுதுகொண்டே எங்களுக்குப் போன் செய்தார்கள். ஆனால் ஒரு செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அது பயன்படுகிற நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதை மாதப்பன் முன்னால் நின்றுதான் நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது நான், கூலி கொடுத்தது அவர்.

மூடிய போரைத் திறக்க முடியுமா என்று போர் போடும் ரிக் வண்டிக்காரரிடம் கேட்டோம். கல் விழுந்த குழியில் துளை போடும் பிட் சிக்கிக்கொள்ளும் என்று கையை விரித்துவிட்டார். கம்பெனி செலவில் கொஞ்சம் தள்ளிப் புது போர் போடுவது என்று ஏற்பாடாயிற்று. போட்ட அன்றைக்கு நானும் இசக்கியும் போயிருந்தோம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்து வரப்பில் நின்றார்கள். குழாய்மேல் குழாயாக இறங்கிக்கொண்டே இருந்தது. சாம்பல் நிறப் புழுதி எழும்பி, கூடி நின்ற எல்லோர் தலையிலும் படிந்தது. ஈரம் மட்டும் வரவில்லை. வெகு ஆழம் போன பிறகு ரிக்காரர் இஞ்சினை நிறுத்தினார்.

தலைகுனிந்து நின்ற நான் நிமிர்ந்து பார்த்தபோது மாதப்பன் முகம் மாறியிருந்தது. நாங்கள் முதன்முதலாகப் போனபோது கட்டிலை இழுத்துப் போட்டுச் சிரித்தாரே, அந்த முகம். புழுதியை ஒரு கை அள்ளி நாகம்மாவிடம் காட்டினார். அதைக் கீழே போடாமலே என்னிடம் வந்தார்.

“பாத்தீங்களா, பொட்டுத் தண்ணி இல்ல. அப்பவே வத்தித்தான் போயிருக்குது. நான் மூடுனது வத்துன போருதான். இல்லீங்களா மேடம்?”

பத்தடி தள்ளினால் பாறையின் போக்கே மாறிவிடும், இந்தக் குழியை வைத்து அந்தக் குழியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும், ரிக்காரருக்கும் தெரியும். இசக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நாகம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றேன்.